மலாக்காவில் ஒரு காருக்குக் குளிர்காலம்

அன்புள்ள மகனுக்கு,

"தாயும் மகளும் நலம்" என்று உனக்கு வந்த தந்தி பொய்யில்லை, ஆனால் முழுவதும் இல்லை. மிச்சத்தை மறைத்தது நான்தான், அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. உன் மனைவி சரோஜா ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் விழித்துப் பேசிய முதல் பேச்சே, "அவருக்கு எழுதிராதீங்க அத்தை, படிப்ப விட்டுட்டு கப்பல் ஏறிருவாரு" என்பதுதான். உன்னைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் உன்னை எப்படி அளந்து வைத்திருக்கிறாள் பார். நேற்று லேடி டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு இனிமேல் பயமில்லை என்று சொல்லிவிட்டார். சரோஜாவும் சரி எழுதுங்கள் என்று உத்தரவு கொடுத்துவிட்டாள். அதனால் இன்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி. முடிவு நல்ல முடிவு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், நடுவில் பதறாதே.

நீ கப்பல் ஏறியது ஆடி மாதம். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்து ஒரு வருடம் நிறையவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக நாற்காலியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள், அதில் உட்காருவதற்கு நம் பிள்ளைகள் சீமையில் படித்துவிட்டு வரட்டும் என்று உன்னை அனுப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு நின்ற மருமகளையும், ஊருக்குத் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து நீ ஆசையாக வாங்கிய பழைய காரையும் சேர்த்து எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய். அவள் தாயில்லாப் பெண், முதல் பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு கிடையாது. காரின் கதி அதைவிட மோசம், அதற்கு எந்த வீடும் கிடையாது. காஜா பெராங்கில் நம் வாடகை வீட்டுக்கு ஷெட்டும் இல்லை, ஷெட் போட இடமும் இல்லை என்பது உனக்குத் தெரியாததா? ரம்புத்தான் மரத்தடியில் நின்றது. மேலே சருகும் எறும்பும் விழும், கீழே மழை பெய்தால் தரை களியாகிவிடும். பக்கத்து வீட்டுக் காமாட்சியின் கோழி ஒன்று ஜன்னல் இடுக்கு வழியாகப் புகுந்து பின்சீட்டில் முட்டை வைத்துவிட்டுப் போகும். முட்டையை நான் வேலி வழியாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரருக்கும் ஷெட் இல்லையாம். குளிர்காலம் முழுக்கத் தன் காரைத் திறந்த வெளியில்தான் போட்டு வைப்பாராம். சக்கரங்களைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வண்டியைச் செங்கல்மேல் நிறுத்துவாராம். பேட்டரி வீட்டுக்குள் வந்துவிடுமாம். ரேடியேட்டருக்கு அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு சொட்டு இல்லாமல் வடித்துவிடுவாராம், இல்லாவிட்டால் தண்ணீர் உறைந்து என்ஜின் பிளந்துவிடுமாம். மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டால் வசந்தம் வரும்வரை கார் சுகமாகத் தூங்குமாம். எல்லாம் வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தாய். கடைசியில் மட்டும், "அப்பா, மழைக்காலம் வருகிறது, நம் காரையும் இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி. அந்த வரியை எழுதும்போது உன் அப்பா யார் என்பதை மறந்துவிட்டாயா கண்ணு?

உனக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்தது. ராத்திரியெல்லாம் அனத்திவிட்டு விடியும்போதுதான் கண் அசந்தாய். புட்டியில் எழுதியிருந்த நேரம் வந்துவிட்டது என்று, உன்னை உலுக்கி எழுப்பி மருந்து ஊற்றிய மனிதர் அவர். நீ அன்று முழுக்க அழுதாய், நான் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. முப்பது வருடம் அரசாங்க ஆபீசில் கிராணியாகக் குமாஸ்தா வேலை பார்த்தவருக்கு மேலேயிருந்து எழுதி வந்ததைக் கேள்வி கேட்கும் பழக்கம் கிடையாது. இப்போது மேலேயிருந்து எழுதியது மகன், அதுவும் சீமையிலிருந்து. கேட்க வேண்டுமா? மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

சக்கரத்தைக் கழற்றினார், செங்கல் அடுக்கினார், அதுவரை நான் வாய் திறக்கவில்லை. குனிந்து ரேடியேட்டர் குழாயைத் திறந்தபோதுதான், "மலாக்காவுல தண்ணி ஒறையுமாங்க?" என்று கேட்டேன். "ஒறையுதோ ஒறையலியோ, எழுதிருக்கான்ல" என்றார். "நேத்து வெயில்ல வடாம் காயப் போட்டேன், அதயும் அவனுக்கு எழுதிக் கேளுங்க" என்றேன். அவர் கடைசிச் சொட்டும் வடிந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். காமாட்சி வேலிக்கு அந்தப் பக்கம் சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தாள். பல தலைமுறைக்கு முன்னாலேயே மலாக்காவில் வந்து தங்கிவிட்ட சிட்டி குடும்பம், உனக்குத் தெரியும், சாமி காரியத்தில் நம்மைவிடக் கெட்டி, பேச்சு மட்டும் மலாய். காருக்கு என்ன நோய் என்று கேட்டாள். குளிர்காலம் வந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் ஓடிப்போயிற்று.

சரோஜாவுக்குக் கார்த்திகையில்தான் நாள் குறித்திருந்தார்கள். தீபாவளி முடிந்ததும் காரை இறக்கித் தயாராக வைத்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உன்னை நான் வீட்டிலேயே பெற்றேன், இந்தக் குழந்தையும் அப்படியே சுகமாக வந்துவிடும், காரெல்லாம் ஒரு தைரியத்துக்குத்தான் என்பது என் நினைப்பு.

இந்த வருடம் சரஸ்வதி பூஜை ஐப்பசியில் வந்தது. நல்ல மழை. இதில் நான் செய்த வேலையைக் கேள். கழற்றிய சக்கரங்கள் நாலும் கூடத்து மூலையில் கிடந்து கண்ணை உறுத்திக்கொண்டிருந்தன. ஆயுத பூஜைக்கு வண்டியையும்தானே கும்பிட வேண்டும்? சக்கரங்களைக் கழுவி, இரண்டிரண்டாக அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, உன் அப்பாவின் பட்டு அங்கவஸ்திரத்தை விரித்து, அதன்மேல் சரஸ்வதி படத்தை வைத்தேன். எத்தனையோ வருடம் பூஜை செய்திருக்கிறேன், இவ்வளவு எடுப்பான பீடம் அமைந்ததே இல்லை. படத்துக்கு முன்னால் பேட்டரி, ஜாக்கி, ஸ்பேனர், காரை முடுக்கும் ஹேண்டில், என் கத்தரிக்கோல், நீ விட்டுப்போன புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். பேட்டரிக்கு வைத்த பொட்டுதான் மிக அழகாக இருந்தது. காலையிலேயே பொரி, சுண்டல் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டோம். வைத்த சாமான் எதையும் மறுநாள் விஜயதசமிக்குப் புனர்பூஜை செய்யும்வரை தொடக் கூடாது. கத்தரிக்கோலைக்கூட எடுக்காதே என்று சரோஜாவிடம் நானே சொன்னேன்.

அன்று காலையில் அவள் இடுப்பு வலிக்கிறது என்றாள். சுண்டலுக்குக் குனிந்து நிமிர்ந்த வலி என்று நான் சொல்லிவிட்டேன். இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நீ தெரிந்துகொள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் ரத்தம். அப்பா குடைகூட எடுக்காமல் ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டி வந்தார். அந்த அம்மாள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. "இது என் கைக்கு அடங்காதும்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. உக்கார வெக்காதீங்க, படுக்க வெச்சே கொண்டு போங்க" என்றாள். மூன்று சக்கரச் சைக்கிள் பேச்சாவில் எப்படிப் படுக்க வைப்பது? அப்பா மறுபடி மழையில் ஓடினார், டாக்சி நிற்கும் இடம்வரை போனார். சடக்கில், தெருக்கோடிவரை முழங்கால் தண்ணீர், ஒரு டாக்சி இல்லை. திரும்பி வந்து வாசலில் நின்றவர் காரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சக்கரம் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு செங்கல்மேல் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, உன் வீட்டுக்காரர் சொன்னது போலவே.

அப்பா உள்ளே வந்து சாமிக்கு முன்னால் நின்றுவிட்டார். ஈர வேட்டி சொட்டுகிறது, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறார், தொட மாட்டேன் என்கிறார். "பூசையில இருக்கறத எப்படி எடுக்கறது? இந்த நேரத்துல சாமி குத்தம் வேற வரணுமா?" என்று கேட்டார். அவரைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன், முடியவில்லை, ஏனென்றால் எனக்கும் அதே பயம். அவள் உயிருக்கு ஆபத்து வந்திருக்கும் நேரத்தில் அம்பாளைக் கலைத்து, அதனாலேயே ஒன்று ஆகிவிட்டால்? சத்தம் கேட்டுக் காமாட்சி பின்வாசல் வழியாக வந்தவள், சரோஜாவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பீடத்தைப் பார்த்தாள். ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நாள் கிழமை தவறினால் ஊரையே ஒரு வழி பண்ணுகிறவள் அவள். "டியா புன் பெரம்புவான்" என்றாள். அவளும் பெண்தானே என்று சாமி படத்தைக் காட்டிச் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கற்பூரம் ஒன்றை ஏற்றினேன், "தாயே, எழுந்திரு, என் பிள்ளைக்கு வண்டி வேணும்" என்று உரக்கவே சொன்னேன். படத்தைத் தூக்கித் தையல் மிஷின்மேல் வைத்துவிட்டு, நானே முதல் சக்கரத்தை உருட்டினேன். அப்பாவுக்கு அப்புறம்தான் உயிர் வந்தது.

காமாட்சி ஒரு குரல் கொடுத்தாள், அவள் வீட்டு ஆண்கள் எல்லாரும் மழையோடு மழையாக வந்து இறங்கிவிட்டார்கள். ஜாக்கி களிமண்ணில் புதைந்துகொண்டே போயிற்று. சாமிக்குப் போட்ட பலகையைக் கொண்டுபோய் அதற்கு அடியில் கொடுத்தேன், நின்றது. ஒருவர் நட்டு முடுக்க, ஒருவர் செங்கல் உருவ, அப்பா பொட்டு வைத்த பேட்டரியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து மாட்டினார். பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர். குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுகிறோம், நிறையவே இல்லை. என்ன வண்டி இது, இத்தனை தண்ணீர் குடிக்கிறதே என்று எல்லாரும் முழிக்கிறார்கள். கொட்டுகிற மழையில் அடியில் ஒழுகுவது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வீட்டில் தொட்டி நிறையாவிட்டால் நான் முதலில் எதைப் பார்ப்பேன்? "அடிக் கொழாய மூடினீங்களா?" என்று கத்தினேன். அப்பா அப்படியே சேற்றில் படுத்துக் கையை விட்டுத் திருகினார். அந்த நேரத்திலும் அவர் வாயிலிருந்து, "மூடணும்னு அவன் எழுதலியே" என்று வந்ததே, அதை நான் சாகும்வரை சொல்லிக் காட்டுவேன்.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் தண்ணீர் ஏறியிருந்தும் செங்கல்மேல் நின்ற காருக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பேட்டரி கூடத்தில் காய்ந்து கிடந்ததால் நல்ல தெம்போடு இருந்தது. அப்பா செய்ததில் பாதி சரி, பாதி பைத்தியக்காரத்தனம். நாங்கள் எல்லாருமே அந்தக் கணக்குத்தான். சரோஜாவைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்துத் தலையை என் மடியில் வாங்கிக்கொண்டேன். காமாட்சி முன்னால் ஏறிக்கொண்டாள். உன் அப்பா ஓட்டினால் மலாக்கா முழுவதும் பின்னால் வரிசையில் வரும் என்று நீ கேலி செய்வாயே, அன்றைக்கு அந்த மனிதர் ஓட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். காமாட்சி வழி நெடுக, "செப்பாட்! செப்பாட்!" என்று விரட்டினாள், இவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார். சரோஜா முனகவில்லை, அழவில்லை. என் விரலைப் பிடித்திருந்தாள். மேடு ஏறும்போது அந்தப் பிடி தளர்ந்தது. நான் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், வேறு ஒரு சாமி பெயரும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வி கேட்கவில்லை, தள்ளுவண்டியில் போட்டு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று லேடி டாக்டர் பிறகு சொன்னார். எங்களைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உன் அப்பா உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் தகப்பனார் போனபோதுகூட அழாதவர். "சக்கரத்த நான் கழட்டாம இருந்திருந்தா எப்பயோ வந்திருப்போம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எத்தனையோ விஷயத்துக்கு அவரை வார்த்தையால் குத்தியிருக்கிறேன். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எழுந்திருக்கவே மாட்டார். "கழட்டினது நீங்க, அது மேல சாமிய உக்கார வெச்சது நான். ரெண்டு பேருந்தான். வந்து உக்காருங்க" என்றேன். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இத்தனை பேர் பார்க்க அப்படி அவர் செய்ததே இல்லை. நானும் நகரவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, நீ இப்போது தகப்பன் ஆகிவிட்டாயே. நாங்கள் அந்தக் காரை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தோம் தெரியுமா? அவ்வளவு பத்திரத்தில் அது ஒன்றுக்கும் உதவாமல் போக இருந்தது. உன் பெண்ணையும் அப்படிப் பொத்திப் பொத்தி வைக்காதே. உன் மனைவி இடுப்பு வலிக்கிறது என்றால் ஏதாவது ஒரு காரணம் சொல்லி வாயை அடைக்காதே, அருகில் உட்கார்ந்து எங்கே வலிக்கிறது என்று கேள். பொல்லாத நேரத்தில் அவள் அழுகிறாளா என்று பார்த்து வலியை அளக்காதே, சில பெண்கள் சத்தம் போடுவதில்லை. நீ தப்பு செய்யும் நாளும் வரும். அந்த நாளில் அவள் உன்னைக் குத்தாமல் விட்டால், அவளும் உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள். இன்னொன்றும் சொல்கிறேன், அப்பாவுக்குக் கடிதம் எழுதும்போது இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போடு. உன் வீட்டுக்காரர் கோடைக்காலத்தில் செய்கிற விஷயம் ஏதாவது இருந்தால் அதை எழுதவே வேண்டாம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நர்ஸ் கதவைத் திறந்து, பெண் குழந்தை, சின்னதாக இருக்கிறாள், ஆனால் நன்றாகக் கத்துகிறாள் என்று சொன்னாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. காமாட்சிதான் கேட்டாள். பிழைத்துக்கொண்டாள் என்றார்கள். அப்பாவும் நானும் அந்த பெஞ்சிலேயே கைகோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். இப்போது இருவரும் வீட்டில் இருக்கிறார்கள். சரோஜாவுக்கு முகத்தில் ரத்தம் ஊறியிருக்கிறது, நேற்று ரசம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். குழந்தைக்கு உன் காது. மூக்கைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. நீ பதறிக்கொண்டு வராதே. படிப்பை முடி, அந்த நாற்காலியில் வந்து உட்கார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கதவு திறப்பதற்கு முன்னால், அந்த பெஞ்சில் அப்பா என் தோளில் சாய்ந்திருந்த நேரம் முழுவதும், நான் சாமியைக் கும்பிடவில்லை. மனத்துக்குள் உனக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். "அன்புள்ள மகனுக்கு, மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி அங்கேயே நின்றது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து நீ அதைப் பிரிக்கப் போகிறாய் என்பதுதான் கண்ணுக்குள் நின்றது. அந்தக் கடிதத்தை நான் எழுத வேண்டியிருக்கவில்லை, தம்பி. இதை எழுதுகிறேன். எத்தனை பக்கம் ஆகிவிட்டது, பார்.

உன் மகள் பசிக்கு அழுகிறாள், சரோஜா கூப்பிடுகிறாள். எழுந்து போகிறேன்.

அம்மா